ஆறிப்போனதும் குளிரவைத்ததும்

காப்பி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே பெண்கள் குளிர்ந்த காப்பியைத்தான் குடித்துவருகிறார்கள். அதற்கு 'கோல்டு காபி' என்று யாரும் பெயர் சூட்டவில்லை; ஆறிப்போன காப்பி என்பதுதான் அதன் பெயர். மாமனாருக்கு ஒரு டம்ளர், கணவனுக்கு ஒன்று, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பால் தூக்கலாக ஒன்று, திடீரென்று வந்து நிற்கிற ஊர்க்காரருக்கு, இருக்கிற டிகாஷனில் வெந்நீர் கலந்து ஒன்று. எல்லாம் கொடுத்து முடித்துத் தன் டம்ளரைத் தேடினால் அது மேடை ஓரத்தில் ஆடை படிந்து கிடக்கும். ஒற்றை டம்ளருக்காக மறுபடியும் அடுப்பைப் பற்றவைப்பானேன் என்று, நின்றபடியே இரண்டு மிடறில் விழுங்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போவாள்.

நான் எழுத வந்தது இன்னொரு குளிர்ந்த காப்பியைப் பற்றி. குடிக்கப்போகிறவளே முதல்நாள் இரவு நினைத்து, ஊறவைத்து, வடித்து, குளிர்பெட்டியில் ஒளித்துவைத்து, தனக்கு வாய்க்கிற நேரத்தில் உட்கார்ந்து குடிக்கிற காப்பி. முதலாவது மிச்சம், இரண்டாவது விருப்பம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் எனக்குத் தெரிந்த சமையலறைகளில் இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது? காப்பியைப் பற்றி நாம் எழுதியும் படமெடுத்தும் வைத்திருப்பவற்றில் இந்த வித்தியாசம் ஏன் கண்ணில் படுவதே இல்லை?

தமிழ் படித்தவளுக்கு முதலில் சொல்தான் இடறுகிறது. 'காப்பியை ஆற்றிக் கொடு' என்பது நம் வீடுகளின் அன்றாடக் கட்டளை. புண் ஆறும், கோபம் ஆறும், மனசு ஆறும், காப்பியும் ஆறும். இதெல்லாம் தானாக நடப்பது. ஆற்றுவதற்கு மட்டும் ஓர் ஆள் வேண்டும். டபராவுக்கும் டம்ளருக்கும் நடுவே கையை உயர்த்தித் தாழ்த்தி, இன்னொருவர் நாக்குக்குப் பொருந்துகிற சூட்டைத் தன் விரல்நுனியால் அறிகிற ஆள். அதே ஆற்று என்ற சொல்லுக்குச் செய்தல், பொறுத்தல் என்ற பொருள்களும் உண்டு. கடமை ஆற்றுகிறோம், பிரிவைப் பொறுக்கமுடியாத நிலையை ஆற்றாமை என்கிறோம். (ஆற்றுப்படையில் வருகிற ஆறு, வழி. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது.) முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல், அதை ஆற்றியிருத்தல் என்று விரித்துச் சொல்வது நம் பாட மரபு. தலைவன் வினைமுடித்துக் கார்காலத்தில் திரும்பும்வரை வீட்டில் பொறுத்திருப்பவள் நல்லவள் என்று இரண்டாயிரம் ஆண்டாகச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். நானும்தான் சொல்லிக்கொடுக்கிறேன், சம்பளத்துக்கு.

ஒருமுறை முல்லை நடத்திக்கொண்டிருந்தபோது குன்னம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "மேடம், அவராச்சும் மழைக்கு வந்துருவாருன்னு தெரியும். எங்க வீட்ல அப்பா எப்ப வருவாருன்னே தெரியாது. ஆனா வந்த ஒடனே காப்பி சூடா இருக்கணும். இது என்ன திணை மேடம்?" வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கேள்வி அதோடு போய்விடவில்லை. சூடான காப்பியின் ஆயுள் பத்து நிமிஷம். வருகிறவர் வருகிற நேரம் நிச்சயமில்லை. நிச்சயமில்லாத ஒன்றையும் பத்து நிமிஷமே நிற்கிற ஒன்றையும் பொருத்திவைக்கிற கணக்கு யார் தலையில் இருக்கிறது? டிகாஷன் இருக்கிறதா, பால் பொங்கிவிடாமல் இருக்கிறதா, வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதும் கண்ணும் மூக்கும் ஓடிக்கொண்டே இருக்கிற அந்த வேலையை எந்தக் கூலிக்கணக்கும் எடுப்பதில்லை. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடுகிற பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிஷம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிஷம் என்றது. காப்பி கலக்கிய நிமிஷம் அந்த 299க்குள் இருக்கும். காப்பிக்காகக் காத்திருந்த நிமிஷம் இருக்காது.

குளிர்ந்த காப்பியோ பாட்டிலில் கிடந்து காத்திருக்கும். காத்திருக்கிற வேலை மனுஷியிடமிருந்து காப்பிக்குப் போய்விடுகிறது. இது சின்ன விஷயம்தான். ஆனால் ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று பழமொழி சொல்லி, சூட்டுக்கே மதிப்பு என்று வளர்ந்த ஒரு பண்பாட்டில், ஆறினதை விரும்பிக் குடிக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால் வீட்டில் ஏன் அத்தனை பேருக்கும் முகம் மாறுகிறது என்பதைக் கவனித்தால் அது அத்தனை சின்ன விஷயமில்லை.

காப்பியைப் பற்றித் தமிழில் ஆய்வாக எழுதியவர்களில் ஆ. இரா. வேங்கடாசலபதியைத் தாண்டி யாரும் பேசமுடியாது. 2000இல் வந்த அவருடைய 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' காப்பி எப்படிக் காலனியத் தமிழகத்து நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாயிற்று, காலை நீராகாரத்தின் இடத்தை எப்படிப் பிடித்தது, தேநீர் எப்படி உழைப்பாளிகளின் பக்கம் ஒதுங்கியது என்றெல்லாம் திறந்துகாட்டியது. காப்பி கிளப்பின் சாதியும் நமக்குத் தெரிந்ததுதான். 1957இல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகைச் சொல்லை எதிர்த்துக் கிளர்ச்சி நடத்தினார். இவ்வளவு கூர்மையாகத் தொடங்கிய பேச்சு பிறகு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். கும்பகோணம் டிகிரி காப்பி, பித்தளை வடிகட்டி, அம்மாவின் கைமணம், விடியற்காலை வாசனை. பத்திரிகைகளில் வருகிற நினைவேக்கக் கட்டுரைகளில் முக்கால்வாசி ஆண்கள் எழுதுவது. அவற்றில் அம்மா எப்போதும் காப்பி போட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் குடித்து நான் ஒரு கட்டுரையிலும் படித்ததில்லை. கைமணம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கையைப் பாராட்டிவிட்டால் கைக்குச் சொந்தக்காரியைக் கேட்கவேண்டியதில்லை.

இந்த ஏக்கம் எங்கள் ஊர்ப் பக்கத்துக்குப் பொருந்தவும் பொருந்தாது. பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வறண்ட மூலை. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது; அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே ஒட்டப்பட்டு, 2007இல் மறுபடியும் பிரிந்தது. அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலையும் முந்திரியும், இந்தப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். காப்பிச் செடியைப் பார்க்கவேண்டுமென்றால் கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ போகவேண்டும். எங்கள் அப்பாயி வீட்டில் காலையில் குடித்தது நீச்சத்தண்ணி. முதல்நாள் சோற்றில் ஊற்றிய தண்ணீரில் உப்புப் போட்டு, பக்கத்தில் நசுக்கிய வெங்காயம். 'காப்பித் தண்ணி' என்பது விருந்தாளி வந்தால், அல்லது காய்ச்சல் வந்தால். காய்ச்சலுக்குப் போடுகிற சுக்குமல்லிக் காப்பியில் காப்பிக்கொட்டையே கிடையாது என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். ஆக, காப்பி எங்களுக்குப் பரம்பரைச் சொத்தில்லை. பிறருக்குக் காட்டுவதற்காக வாங்கிவைத்த ஒன்று. காட்டுவதற்கான பொருள் எதுவோ அதைக் கையில் ஏந்தி நிற்கிற வேலை பெண்ணுக்கு வந்துசேரும்.

அதன் உச்சம் பெண் பார்க்கும் சடங்கு. தமிழ் சினிமா இந்தக் காட்சியை எத்தனை நூறு தடவை எடுத்திருக்கும்! தட்டு, தட்டில் டம்ளர்கள், தாழ்ந்த கண்கள். கேமரா தட்டிலிருந்து முகத்துக்கு ஏறும். மாப்பிள்ளை டம்ளரை எடுப்பார். காப்பி நல்லாயிருக்கு என்று சொன்னால் பெண்ணைப் பிடித்துவிட்டது என்று பொருள். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. தட்டைச் சுமந்துவருகிற பெண்ணுக்கு அந்தத் தட்டில் ஒரு டம்ளர் இருக்காது. கூடத்தில் இருப்பவர்களில் காப்பி குடிக்காத ஒரே ஆள் அவள்தான், யாருக்காக அந்தக் கூட்டமே கூடியிருக்கிறதோ அவள். இந்தச் சடங்கைக் கேலிசெய்கிற படங்களில்கூட அவள் கையில் யாராவது ஒரு டம்ளரைக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளத்தில் 2021இல் வந்தபோது (ஜியோ பேபி இயக்கியது, தமிழில் 2023இல் எடுத்தார்கள்) நாம் எல்லோரும் பேசினோம். அந்த மாமனார் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். சோறு விறகடுப்பில் வெந்தால் தேவலை என்பார், சட்னி அம்மியில் அரைத்ததுதான் சட்னி என்பார். இயந்திரம் வேண்டாம், பழையது வேண்டாம், ஆறினது வேண்டாம். அதாவது, அந்தந்த நேரத்தில் அங்கே அவள் நிற்கவேண்டும். கடைசியில் தேநீர் கேட்கிறவர்களுக்கு அவள் தொட்டியிலிருந்து ஒழுகிய அழுக்குநீரை டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறாள். படம் அங்கே சரியாகவே வெடிக்கிறது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' இதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே, வெடிக்காமல், இன்னும் ஆழமான இடத்தைத் தொட்டது. சமையலறையைக் கட்டியாள்வதுதான் தன் பலம் என்று நம்பி வாழ்ந்துமுடித்த ஜீஜியை அது நம் முன் கிடத்தியது. இரண்டு பிரதியும் எனக்கு வேண்டியவை. ஆனால் இரண்டிலும் சமையலறை விட்டுவிடுதலையாக வேண்டிய இடம்தான். அங்கே ஒருத்தி தனக்கென்று ஏதாவது செய்துகொண்டு உட்கார்ந்து சாப்பிடுகிற நிமிஷத்துக்கு இரண்டிலும் இடமில்லை. வெளியேறுகிறவளைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். வெளியேறமுடியாதவள், அல்லது வெளியேற விரும்பாதவள், மத்தியானம் மூன்று மணிக்கு என்ன குடிக்கிறாள்?

மே மாதம் அரியலூரில் மூன்று மணி என்பது வெளியே சிமென்ட் லாரிப் புழுதி, உள்ளே கான்கிரீட் தளத்தின் அனல். சூடாக எதையும் தொடப் பிடிக்காது. டீக்கடை இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, பேப்பர் இருக்கிறது. ஆனால் பாலக்கரையிலானாலும் அரியலூர் பேருந்து நிலையத்திலானாலும் அந்தப் பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து பத்து நிமிஷம் பேப்பர் படித்து நான் பார்த்ததில்லை. பேக்கரிகள் வந்த பிறகு கொஞ்சம் மாறியிருக்கிறது. மாணவிகள் நாலுபேர் சேர்ந்து போய் உயரமான கண்ணாடி டம்ளரில் சாக்லெட் கோடு போட்ட கோல்டு காபி குடிக்கிறார்கள், ஆளுக்குப் பாதி. கூட்டமாகப் போனால்தான், தனியே போனால் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்ற பார்வை. அதனால்தான் வீட்டில் செய்கிற காப்பிக்கு வருகிறேன்.

செய்யும் முறையைச் சொல்லாமல் இதை எழுதுவது சரியில்லை. முதல் முறைக்கு நம் வடிகட்டியே போதும். மேல் தட்டில் மூன்று குவித்த தேக்கரண்டிப் பொடி, அழுத்தாமல். நூறு மில்லி அளவுக்குக் கொதிநீர். இறங்கின முதல் டிகாஷன் சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்துவிட வேண்டும். குளிர்ந்ததில் சர்க்கரை கரையாமல் அடியில் தங்கும். குளிரில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும் என்பதால் வழக்கத்தைவிட அரைக் கரண்டி கூடக் கேட்கும்; நாட்டுச் சர்க்கரையென்றால் தனி மணம். காய்ச்சிய பாலை ஆடை எடுத்து, ஆறவிட்டு, நன்றாகக் குளிரவைக்க வேண்டும். கடையில் பனிக்கட்டியை அள்ளிப்போட்டு நீர்க்கவைக்கிறார்கள். வீட்டில் அது வேண்டாம்: டிகாஷனில் ஒரு பங்கைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொண்டால், அது உருக உருகக் காப்பி கூடுமே தவிரக் குறையாது. பிறகு எல்லாவற்றையும் மிக்ஸி ஜாரில் விட்டு அரை நிமிஷம். ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றக்கூடாது, சூடாக எதையும் ஊற்றவே கூடாது, மூடி எகிறும்.

அந்த மிக்ஸியைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது ஓட்டுக்கான லஞ்சம் என்று படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். எங்கள் தெருவில் அந்த மிக்ஸி பல வீடுகளில் இன்றும் ஓடுகிறது. அம்மியிலிருந்து எழுந்தவளுக்குத்தான் அதன் விலை தெரியும். குளிர்பெட்டியை எந்த அரசும் கொடுக்கவில்லை. அது சீர்வரிசையில் வருகிறது. பெண்வீட்டுப் பணத்தில் வந்து, மாமியார் வீட்டுக் கூடத்தில் நின்று, யார் எதை உள்ளே வைக்கலாம் என்ற ஆணைக்குக் கட்டுப்படுகிறது. மாவு, பால், மீந்த குழம்பு, மாமனாரின் இன்சுலின் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. மருமகளின் காப்பி பாட்டிலுக்கு இடம் கேட்டால்தான் இருக்கிற இடமெல்லாம் நிரம்பிவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒருத்தி அதை இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் வைக்கிறாள். அங்கே ஆண்கள் கை போகாது என்கிறாள்.

இரண்டாம் முறைக்கு அடுப்பே வேண்டாம். ஐம்பது கிராம் கொரகொரப்பான பொடி, நானூறு மில்லி தண்ணீர், மூடி போட்ட பாட்டில், குளிர்பெட்டியில் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம். காலையில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் வடித்தால் கெட்டியான சாறு இறங்கும். சம அளவு பாலோ தண்ணீரோ சேர்த்துக்கொள்ளலாம். மூன்று நான்கு நாள் கெடாது. கொதிநீர் இழுத்துவருகிற கசப்பும் புளிப்பும் குளிர்நீருக்கு அவ்வளவாக வராது என்பதால் நாக்கில் மெத்தென்று இருக்கும். காப்பியரைக்கும் கடையில் கொரகொரப்பாகக் கேட்டபோது கடைக்காரர் "பில்டருக்கு நைசா இருந்தாத்தாம்மா டிகாஷன் எறங்கும். சார் இப்படித்தான் கேட்டாருங்களா?" என்றார். சார் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன் என்று சொன்ன பிறகும் அரை மனதோடுதான் அரைத்தார். சிக்கரி கலந்தால் இழிவு என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சிக்கரி கலந்த பொடியைத்தான் குளிர்நீரில் ஊறவைத்து வழிவழியாகக் குடிக்கிறார்கள். நம் நாக்குப் பழகியதை எதற்கு விடவேண்டும்?

இந்த முறையை ஏதோ ஜப்பானியக் கலை என்று இணையத்தில் வியக்கிறார்கள். ஜப்பானில் அது இருப்பது உண்மைதான். ஆனால் இரவு நீர் ஊற்றி, மூடிவைத்து, விடியும்வரை தொடாமல் விட்டு, காலையில் தெளிவை எடுத்துக் குடிப்பது என் அப்பாயிக்குப் புதிதாக இருந்திருக்காது. பானையும் சோறும் போய் பாட்டிலும் பொடியும் வந்திருக்கின்றன. நீச்சத்தண்ணி யாரையும் காக்கவைக்காத உணவு. விடிவதற்குமுன் களையெடுக்கப் போகிற பெண்ணுக்கு அடுப்பு மூட்ட நேரமில்லை. ராத்திரியே அது தயார். நீராகாரத்தை விரட்டிக்கொண்டு காப்பி வந்தது என்பதை நாம் பண்பாட்டு வரலாறாகப் படிக்கிறோம். அடுப்பில்லாத காலையை விரட்டிக்கொண்டு அடுப்புள்ள காலை வந்தது என்று அதையே பெண்ணின் வேலைநேரத்தின் வரலாறாகவும் படிக்கலாம் என்பது என் வாதம்.

2020இன் ஊரடங்கில் டல்கோனா காப்பி வந்ததே, அதை இதோடு சேர்க்கமாட்டேன். அந்த ஜனவரியில் தென்கொரிய நடிகர் ஒருவர் மக்காவ் கடையில் குடித்ததைத் தொலைக்காட்சியில் காட்ட, மார்ச் கடைசியில் இந்தியாவே அடைபட்டபோது எல்லாருடைய கையிலும் கரண்டி. உடனடிக் காப்பித்தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றும் சம அளவு. நுரை கெட்டியாகும்வரை அடிக்கவேண்டும், நானூறு தடவை என்று கணக்கு. (நம் டிகாஷனை என்னதான் அடித்தாலும் அப்படி நிற்காது, அந்தத் தூளின் செறிவு அதற்கு வேண்டும்.) வீட்டில் எல்லோரும் மூன்று வேளையும் இருந்து, வேலை இரட்டித்துக் கிடந்த மாதங்களில், கைவலிக்க அடிப்பதே பொழுதுபோக்கு என்று விற்றது எனக்கு ஒப்பவில்லை. அதன் படங்களை நினைத்துப் பாருங்கள்: தளும்பும் நுரை, கண்ணாடி டம்ளர், ஜன்னல் வெளிச்சம். குடிக்கிற வாய் இல்லை. அது பார்ப்பதற்கான காப்பி, பெண் பார்க்கும் தட்டின் இன்னொரு வடிவம். அதற்கு 1957இல் கிரேக்கத்துத் தெசலோனிக்கிக் கண்காட்சியில், வெந்நீர் கிடைக்காமல் நெஸ்கஃபே தூளைக் குளிர்நீரில் போட்டுக் குலுக்கிக் குடித்தாரே ஓர் ஊழியர், அந்தப் பிறப்புக் கதை மேல்.

சமையல் குறிப்பு என்ற எழுத்துவகைக்கும் இதில் பங்குண்டு. நம் குறிப்புகள் 'நான்கு பேருக்கு' என்றுதான் தொடங்கும். ஒருத்திக்கு எவ்வளவு என்று தமிழில் எழுதிய குறிப்பை நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மேலே நான் கொடுத்த முதல் அளவு ஒருத்திக்கு. இரண்டாவதும் ஒருத்திக்குத்தான், நாலு நாளைக்கு.

இனி, தடை. சூட்டுக்குப் பெண் வேலைக்காரி. குளிருக்கு அவள் அந்நியள். வயசுக்கு வந்த பெண் ஐஸ் சாப்பிடக்கூடாது, தூரமான நாளில் குளிர்ச்சி ஆகாது, பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்குச் சில்லென்ற தண்ணீர்கூடக் கூடாது, பால் கொடுக்கிறவள் குடித்தால் குழந்தைக்குச் சளி. ஓர் ஆண் ஐஸ் தண்ணீர் குடித்தால் அவன் தொண்டை. ஒரு பெண் குடித்தால் குடும்பத்தின் கர்ப்பப்பை. இந்தத் தடைகளுக்குச் சளிக்கிருமியோ கர்ப்பப்பையோ பொறுப்பில்லை. அதேசமயம் உண்மையாகச் சொல்லவேண்டிய எச்சரிக்கையை யாரும் சொல்வதில்லை. காப்பி, சூடானாலும் குளிர்ந்ததானாலும், சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவிலிருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடவேண்டும்; கர்ப்பிணிகள் அளவைக் குறைக்கவேண்டும். ஆனால் பசியை அடக்கக் காலைச் சாப்பாட்டுக்குப் பதில் ஆறின காப்பியைக் குடித்துவிட்டு ஓடுகிற பெண்ணைப் பார்த்து எந்த மாமியாரும் ஆகாது என்று தடுத்ததில்லை. தடை ஆரோக்கியத்தின் மேல் இருந்திருந்தால் அங்கேதான் விழுந்திருக்கும்.

இலங்கையில் இந்தத் தயக்கம் இல்லை. அங்கே ஐஸ் காப்பி விருந்துப் பானம். கெட்டியான காப்பியில் தகரப்பால் கலந்து குளிரவைத்து, வீட்டு விசேஷத்தில் பெண்களும் குழந்தைகளும் சேர்ந்தே குடிப்பார்கள். எங்கள் பக்கத்துக்கும் அதற்கும் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களுக்கு மன்னார் வழியாக நடந்துபோன கூலிகளில் அன்றைய திருச்சிராப்பள்ளி ஜில்லாக்காரர்கள் கணிசம். 1869இல் இலைத்துரு நோய் தோட்டத்தைப் பிடித்தது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. கொழுந்து பறிக்கப் பெண்கள் பெருமளவில் மலையேறியது அதற்குப் பிறகு. பயிரிட்டவர்கள் குடித்தது எது என்று கேட்டால், பெண் பார்க்கும் தட்டுதான் மறுபடியும் ஞாபகம் வருகிறது.

இதுவரை 'பெண்' என்று ஒருமையில் எழுதிவந்தேன். அது போதாது. என் குளிர்பெட்டியில் பாட்டில் இருக்கிறது. என் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிற அக்காவின் வீட்டில் குளிர்பெட்டி இல்லை. நடுத்தரவர்க்க வீடுகளில் ஆறிப்போன காப்பி இப்போது யாருக்குப் போகிறது? மாமியாரும் மருமகளும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற ஒரே விஷயம், மீந்த காப்பியை வேலைக்கு வருகிறவளுக்கு ஊற்றுவது. அதற்கென்று தனி டம்ளர், பின்கட்டு ஜன்னலில். டீக்கடையின் இரட்டைக் குவளையை எதிர்த்து நாம் பேசினோம், சரிதான். வீட்டுக்குள்ளிருக்கிற இரட்டைக் குவளையைக் கழுவி வைப்பவர்கள் பெண்கள், கழுவச் சொல்பவர்களும் பெண்கள். மிச்சத்திலிருந்து நான் விருப்பத்துக்கு ஏறும்போது என் மிச்சம் இன்னொருத்தியின் பங்காகக் கீழே இறங்குகிறது என்றால், அந்தக் காப்பியின் ருசியைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

போன கோடையில் செந்துறைப் பக்கம் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். முந்திரி உடைக்கிற பெண்கள் ஆறேழு பேர், கைகளில் முந்திரிப்பாலின் கறுப்புக் கறை. பாட்டிலில் கொண்டுபோயிருந்த காப்பியை, எனக்கு ஊற்றிக்கொண்ட அதே மாதிரி டம்ளர்களில் எல்லாருக்கும் ஊற்றினோம். இரண்டுபேருக்குப் பிடித்தது, இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். ஒருத்தி செல்போனில் செய்முறையைக் குரலாகப் பதிவுசெய்துகொண்டாள். மாணவியின் அம்மாயி மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தது.

"என்னா கண்ணு, இப்படிக் கசக்குது? ராத்திரி பூரா ஊறவச்சது இதுக்குத்தானா? இதுக்கு நம்ம நீச்சத்தண்ணி தேவலாம். உள்ள பானையில கெடக்கு. ஆளுக்கு ஒரு சொம்பு எடுத்தா, அப்படியே ரெண்டு வெங்காயம் உரிச்சுக்கிட்டு வா."

எழுந்துபோனது மாணவியின் தம்பி.